முறையும் நேர்மையும்: உரிமம் வேண்டா அலைக்கற்றையைப் பகிர்தல்

 

மொழிக்கென அமைந்த அவையில் வானலைகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அறிவியலைத் தமிழில் எடுத்துரைக்கும் பயிற்சி நம் மொழிக்கு இடையறாது வேண்டியது என்பது ஒன்று. இன்றைய பொருளின் நடுவில் நிற்பது 'முறை' என்னும் பழந்தமிழ்ச் சொல் என்பது மற்றொன்று. "என் முறை எப்போது வரும்?" என்று வரிசையில் நிற்பவர் கேட்கும்போது அச்சொல் ஒருவர்பின் ஒருவராக வரும் ஒழுங்கைக் குறிக்கிறது. "இது முறையா?" என்று ஒருவர் கேட்கும்போது அதே சொல் நீதியைக் குறிக்கிறது. வரிசையில் இடம் கிடைத்துவிட்டால் நீதியும் கிடைத்துவிட்டதாகுமா? இந்த வினாவை நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் நாள்தோறும் இயங்கும் கம்பியில்லாக் கருவிகளை வைத்து ஆராய்வதே இன்றைய நோக்கம்.

1. சில சொற்கள்

வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, ரேடார் ஆகியவை பயன்படுத்தும் மின்காந்த அலைகளின் முழு வீச்சை அலைக்கற்றை என்கிறோம். அதில் ஒரு சேவைக்கென ஒதுக்கப்பட்ட பகுதி அலைவரிசை. அலைவரிசையின் சிறு கூறு தடம். அரசு ஏலம் விட்டோ விண்ணப்பம் பெற்றோ ஒரு நிறுவனத்துக்கு மட்டும் தரும் பகுதி உரிமம் பெற்ற அலைக்கற்றை. கைத்தொலைபேசி நிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டு அவ்வுரிமங்களைப் பெறுகின்றன. இதற்கு மாறாக, திறன் வரம்பு போன்ற சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, தனி உரிமம் இன்றி எவரும் பயன்படுத்தத்தக்க பகுதியை உரிமம் வேண்டா அலைக்கற்றை என்போம். அருகலை என்றும் வைஃபை என்றும் நாம் வழங்கும் தொழில்நுட்பமும், காதணி ஒலிக்கருவிகளில் பயன்படும் புளூடூத்தும் வாழும் இடம் இதுவே.

2. பொதுவெளி உருவான கதை

1947ஆம் ஆண்டு அட்லாண்டிக் சிட்டி நகரில் கூடிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கெனச் சில அலைவரிசைகளைக் குறித்து வைத்தது. அக்கருவிகள் செய்தி அனுப்புவன அல்ல. அலைகளால் வெப்பம் உண்டாக்குவன. நம் சமையலறை நுண்ணலை அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது இவ்வழி வந்ததே. இரைச்சல் மிகுந்த அப்பகுதி செய்தித்தொடர்புக்கு உதவாத தரிசு நிலமாகவே நெடுங்காலம் கருதப்பட்டது.

1985ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் அத்தரிசைத் திறந்துவிட்டது. ஆற்றலை அகன்ற பரப்பில் பரப்பி அனுப்பும் கருவிகள் 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று பகுதிகளில் உரிமமின்றி இயங்கலாம் என்று அது விதி செய்தது. வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்னும் தரநிலை 1997இல் வெளிவந்தது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் எந்தத் தொழில்நுட்பம் அங்கு வளரும் என்பதை எவரும் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. ஒப்புதல் கேட்டு நிற்க வேண்டிய தேவை இன்மையே அந்நிலத்தின் வளமாயிற்று.

அந்நாட்டு விதிகளின்படி உரிமமற்ற கருவிக்கு இரண்டு கடமைகள் உண்டு. அது பிறருக்குத் தீங்கான குறுக்கீடு செய்யலாகாது. பிறரால் தனக்கு நேரும் குறுக்கீட்டை அது பொறுத்துக்கொள்ள வேண்டும். உரிமம் பெற்ற சேவைகளைக் காப்பதே இவ்விதியின் நோக்கம். உரிமமற்ற இரு கருவிகள் தமக்குள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி அது ஏதும் கூறவில்லை. அண்டை வீட்டாரின் கருவியால் என் கருவி தடுமாறினால், முறையிட எனக்குச் சட்டப்படி இடமில்லை. அங்கு நிலவும் ஒழுங்கு பெரும்பாலும் கருவிகளுக்குள் பொறியாளர்கள் எழுதிவைத்த நல்லொழுக்கத்தால் நிலவுகிறது.

3. கேட்டபின் பேசுதல்

அந்த நல்லொழுக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1971ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே கணினிகளை வானலையால் இணைக்கும் அலோஹா வலையமைப்பை இயக்கினர். விரும்பியபோது பேசு, மோதினால் சற்றுப் பொறுத்து மீண்டும் பேசு என்பதே அதன் விதி. எளிய விதிதான், ஆயினும் அவ்வகையில் ஒரு தடத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்கொள்ள இயலாது என்று கணக்கு காட்டியது. எஞ்சிய நேரம் மோதலிலும் வெறுமையிலும் கழிந்தது.

வைஃபை வேறொரு வழியைக் கைக்கொண்டது. பேசுமுன் கேள் என்பதே அது. 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு கருவி, தடம் அமைதியாக இருக்கிறதா என்று வழக்கமாக 34 மைக்ரோநொடி கேட்கிறது. பின் 0 முதல் 15 வரையுள்ள எண்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொண்டு, 9 மைக்ரோநொடிக்கு ஒன்றாகக் குறைத்து எண்ணுகிறது. இடையில் வேறொருவர் பேசத் தொடங்கினால் எண்ணிக்கையை நிறுத்தி வைத்து, அவர் முடித்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எண்ணிக்கை முடிந்ததும் பேசுகிறது. இருவர் ஒருங்கே பேசி மோதினால் ஒவ்வொருவரும் அடுத்த முறை 0 முதல் 31 வரையுள்ள எண்களில் ஒன்றை எடுக்கின்றனர். மீண்டும் மோதினால் 63 வரை. இவ்வாறு 1023 வரை எல்லை விரியும். கூட்டம் மிகுந்தால் ஒவ்வொருவரும் தாமாகவே கூடுதலாகப் பொறுக்கிறார்கள். நடுவர் இல்லை, தலைவர் இல்லை. எனினும் முறை அமைகிறது.

புளூடூத் கைக்கொண்டது விலகிச் செல்லும் வழி. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியை 79 சிறு தடங்களாகப் பகுத்து, நொடிக்கு 1600 முறை தடம் மாறித் தாவுகிறது. 2003இல் வந்த 1.2ஆம் பதிப்பு முதல், வைஃபை நிறைந்துள்ள தடங்களைக் கண்டறிந்து அவற்றைத் தவிர்த்துத் தாவவும் கற்றுக்கொண்டது. சிறிய அளவு தரவு போதுமென்பதால் அதற்கு இது இயல்கிறது. முறை வைத்தல், விலகிப்போதல், குரலைத் தாழ்த்தல் ஆகிய மூன்றுமே பொதுவெளியில் வாழும் கருவிகள் கற்ற நாகரிகம் எனலாம்.

4. வேறு பழக்கமுடையவர் வருகை

2014ஆம் ஆண்டளவில் புதிய சிக்கல் எழுந்தது. கைத்தொலைபேசி வலையமைப்புகளில் தரவுப் போக்குவரத்து பெருகவே, அத்துறையினர் எல்டிஇ என்னும் நான்காம் தலைமுறைத் தொழில்நுட்பத்தை 5 கிகாஹெர்ட்ஸ் பொதுவெளியிலும் இயக்க விரும்பினர். வெரைசன் நிறுவனம் அல்காடெல்-லூசென்ட், எரிக்சன், குவால்காம், சாம்சங் ஆகியவற்றுடன் சேர்ந்து இதற்கென ஒரு மன்றம் அமைத்தது. அவர்கள் முன்வைத்த வடிவம் எல்டிஇ-யூ எனப்பட்டது.

எல்டிஇ வளர்ந்த சூழல் வேறு. உரிமம் பெற்ற வெளியில் தனியுரிமையோடு வாழ்ந்த தொழில்நுட்பம் அது. அங்கு யார் எப்போது பேசுவது என்பதைத் தளநிலையம் மில்லிநொடிக்கு மில்லிநொடி வகுத்துத் தருகிறது. பிறர் குரலுக்குக் காது கொடுக்க வேண்டிய தேவை அதற்கு நேர்ந்ததில்லை. எல்டிஇ-யூ வடிவம் தடத்தில் உள்ள வைஃபை நடமாட்டத்தை அளந்து, அதற்கேற்பச் சிறிது நேரம் பேசுவதும் சிறிது நேரம் ஓய்வதுமாக மாறி மாறி இயங்கும். ஓய்வு நேரத்தில் பிறர் பேசலாம். ஆனால் தன் பேசும் நேரம் வந்ததும் அது கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கிவிடும். அக்கணத்தில் ஒரு வைஃபை கருவி பாதிச் செய்தியில் இருந்தால் அச்செய்தி சிதைந்துபோகும். மோதல் நேர்ந்ததாகக் கருதும் வைஃபை, தன் ஒழுக்கப்படி மேலும் நெடிது பொறுக்கும். பணிவுடையவர் மேலும் பணிய, பணியாதவர்க்கு மேலும் இடம் கிடைக்கும் என்பதே வைஃபை தரப்பினரின் அச்சம்.

மறுதரப்பின் வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். பொதுவெளி எந்தத் தொழில்நுட்பத்துக்கும் சீதனமாகத் தரப்பட்டதன்று. வைஃபையும் ஒரு காலத்தில் வந்தேறியே. எல்டிஇ அதே அளவு அலைக்கற்றையில் மிகுந்த தரவைக் கொண்டுசெல்ல வல்லது. இவை அவர்கள் கூறியவை. இவற்றில் உண்மை உண்டு.

வைஃபையின் ஒழுக்கத்திலும் ஒரு வேறுபாடு காணப்பட்டது. மற்றொரு வைஃபை கருவியின் தொடக்கக் குறியை −82 டெசிபெல் மில்லிவாட் அளவு மெலிதாக இருந்தாலும் அது கேட்டு ஒதுங்கும். ஆனால் இனந்தெரியாத அலைக்கு −62 அளவு வலிமை இருந்தால்தான் ஒதுங்கும். இவ்வளவையில் 10 என்னும் வேறுபாடு பத்து மடங்கு. 20 என்பது நூறு மடங்கு. தன் இனத்தார் முணுமுணுத்தாலே அமைதி காக்கும் கருவி, அயலார் நூறு மடங்கு உரக்கப் பேசினால்தான் வாய்மூடுகிறது. ஆகவே குறை ஒருபக்கம் மட்டும் இருந்ததாகக் கூற இயலாது.

அமெரிக்க ஆணையம் 2015இல் இதுபற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. 2016 செப்டம்பரில் வைஃபை கூட்டமைப்பு இரு தொழில்நுட்பங்களும் இணங்கி வாழ்கின்றனவா எனச் சோதிக்கும் திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2017 பிப்ரவரியில் முதல் எல்டிஇ-யூ கருவிகளுக்கு ஆணையம் ஒப்புதல் வழங்கியது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் நிலைமை வேறு. பேசுமுன் கேட்க வேண்டும் என்பது அங்கே விதியாகவே இருந்தது. அவ்விதிக்கு இணங்க, 2016இல் நிறைவுபெற்ற 3ஜிபிபி 13ஆம் வெளியீட்டில் எல்ஏஏ என்னும் மற்றொரு வடிவம் பிறந்தது. அது வைஃபை போலவே கேட்கும், எண் எடுக்கும், எண்ணிக் குறைக்கும். பிறரைக் கேட்டு ஒதுங்கும் அளவாக அது பொதுவில் −72ஐக் கொண்டது; இரு எல்லைகளுக்கும் நடுப்பட்ட இடம் அது.

5. நேர்மையை எந்தக் கோலால் அளப்பது?

அனைவரும் கேட்டபின் பேசத் தொடங்கினால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. முறை கிடைப்பதற்கும் நேர்மை நிலவுவதற்கும் இடையிலுள்ள தொலைவை இரண்டு கணக்குகளால் காட்டுகிறேன்.

முதற்கணக்கு. இருவர் மாறி மாறிப் பேசுகின்றனர். இருவருக்கும் சம எண்ணிக்கையில் முறை கிடைக்கிறது. ஒருவர் ஒவ்வொரு முறையும் 8 மில்லிநொடி பேசுகிறார். மற்றவர் 2 மில்லிநொடி பேசுகிறார். முறை சமம், காலமோ 80க்கு 20. இது வெறும் கற்பனை அன்று. எல்ஏஏ ஒரு முறை தடத்தைப் பற்றினால் 8 மில்லிநொடி வரை வைத்திருக்க இடமுண்டு. வைஃபையின் தனிச் சட்டகம் ஒன்று ஏறத்தாழ 5.5 மில்லிநொடிக்கு மேற்படாது; பெரும்பாலும் அதனினும் சிறியது.

இரண்டாம் கணக்கு. ஒரே வைஃபை வலையமைப்பில் இரண்டு கணினிகள். அருகில் உள்ளது நொடிக்கு 54 மெகாபிட் வேகத்திலும், தொலைவில் உள்ளது 6 மெகாபிட் வேகத்திலும் பேசவல்லவை. இருவரும் ஒரே அளவுள்ள பொட்டலத்தை மாறி மாறி அனுப்பினால், மெதுவானவர் ஒன்பது பங்கு நேரத்தையும் வேகமானவர் ஒரு பங்கு நேரத்தையும் எடுப்பர். பிற இழப்புகளைக் கருதாது கணக்கிட்டால் இருவருக்கும் 5.4 மெகாபிட்டே கிடைக்கும், கூட்டுத்தொகை 10.8. மாறாக, நேரத்தைச் சமமாகப் பகிர்ந்தால் வேகமானவருக்கு 27, மெதுவானவருக்கு 3, கூட்டுத்தொகை 30. எது நேர்மை? தரவின் அளவில் சமமா, நேரத்தில் சமமா? தரவில் சமம் என்றால் ஊர் முழுதும் மெதுவாகிறது. நேரத்தில் சமம் என்றால் கடைமடையில் இருப்பவருக்கு ஏற்கெனவே இருந்ததும் குறைகிறது. கணிதம் இரண்டையும் கணக்கிட்டுத் தரும்; எதைத் தேர்வது என்பதை அது சொல்லாது.

நேர்மையை ஒற்றை எண்ணாகக் காட்டவும் வழி உண்டு. ராஜ் ஜெயின் முதலிய மூவர் 1984இல் முன்வைத்த குறியீட்டெண் இன்றும் பயன்படுகிறது. ஒவ்வொருவர் பங்கையும் கூட்டி, கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்துங்கள். பின் ஒவ்வொருவர் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, ஆள்தொகையால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை கிட்டும். இருவர்க்கும் சமபங்கு என்றால் விடை 1. ஒருவருக்கே அனைத்தும் என்றால் 0.5. மேற்சொன்ன 8க்கு 2 என்னும் பங்கீட்டுக்கு விடை ஏறத்தாழ 0.74. ஆயினும் எதன் பங்கை அதில் இடுவது, நேரத்தையா, தரவையா, காத்திருந்த காலத்தையா என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டும்.

3ஜிபிபி அமைப்பு தன் ஆய்வில் கொண்ட அளவுகோல் வேறு வகைப்பட்டது. ஒரு வைஃபை வலையமைப்பின் அருகில் எல்ஏஏ வந்தால், மற்றொரு வைஃபை வலையமைப்பு வந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய பாதிப்பைவிட மிகுந்த பாதிப்பை அது தரலாகாது. புதிதாகக் குடிவருபவர், பழைய அண்டை வீட்டாரைவிட மோசமானவராக இருத்தல் கூடாது என்பதே இதன் கருத்து. அழகான, எளிய அளவுகோல். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஒழுங்கற்ற அண்டை வீட்டாரோடு ஒப்பிட்டால் ஒழுங்கற்றவரும் நல்லவராகத் தோன்றுவார். சராசரியை மட்டும் நோக்கினால், பலர் நலமாயிருக்க ஒருவர் மட்டும் அடியோடு தடைப்பட்டிருப்பது கண்ணில் படாது. காணொளி உரையாடலுக்குச் சில மில்லிநொடித் தாமதமும் கணக்கில் சேரும். கோப்பு இறக்குபவருக்கு அது பொருட்டன்று.

6. இழப்பவர் யார்?

இங்கு நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. எல்டிஇ-யூ, எல்ஏஏ இரண்டும் தனித்து நிற்பன அல்ல. அவற்றின் கட்டுப்பாட்டுச் செய்திகள் உரிமம் பெற்ற அலைக்கற்றையிலேயே செல்லும். பொதுவெளி கூடுதல் வழியாக மட்டும் பயன்படும். ஆகவே உரிமம் உடையவரே இவற்றை இயக்க முடியும். தமக்கென மேய்ச்சல் நிலம் உடையவரும் ஊர்ப் பொது நிலத்தில் மாடு விடலாம்; அவருக்கும் அதில் உரிமை உண்டு. ஆனால் பொது நிலம் தேய்ந்துபோனால் அவர் தம் நிலத்துக்குத் திரும்புவார். மற்றவர்க்குத் திரும்ப இடமில்லை. பள்ளிகள், நூலகங்கள், உணவங்காடிக் கடைகள், மாதக் கட்டணத்தை எண்ணிச் செலவிடும் குடும்பங்கள் ஆகியோருக்குப் பொதுவெளியே முதலும் முடிவுமான வழி. இரு சாராரும் சமம் என்று தொடங்கும் கணக்கு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

ஆகவே மூன்று நெறிகளைப் பரிந்துரைப்பேன். பேசுமுன் கேட்டல், விருப்பத்துக்கு விடப்படாமல், போட்டியுள்ள பொதுவெளியில் அனைவருக்கும் விதியாதல் வேண்டும். கேட்கும் கூர்மையும் ஒரு முறைக்குப் பேசும் நேர எல்லையும் எல்லாத் தொழில்நுட்பத்துக்கும் ஒன்றாதல் வேண்டும். விளைவை அளக்கும்போது சராசரியோடு கடைமடையில் நிற்பவரின் நிலையும் அளக்கப்படுதல் வேண்டும். இவை எந்தத் தொழில்நுட்பத்தையும் விலக்குவன அல்ல. நடத்தையை வரையறுக்கின்றனவே அன்றி, யார் வரலாம் என்று கூறவில்லை.

7. நம் வாசலில்

இவ்விவாதம் நமக்கு அயலானதன்று. வீவக அடுக்குமாடியிலோ கோலாலம்பூர்க் கொண்டோமினியத்திலோ கைத்தொலைபேசியைத் திறந்து வைஃபை பட்டியலைப் பாருங்கள். அண்டை வீட்டாரின் வலையமைப்புகள் வரிசையாகத் தோன்றும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியில் ஒன்றின்மேல் ஒன்று படியாத தடங்களாகப் பொதுவாகக் கைக்கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டம், தனி உரிமமின்றி அனைவரும் பயன்படுத்தத்தக்க பகுதிகளை வகுப்பு ஒதுக்கீடு என்னும் பெயரால் வரையறுக்கிறது. சிங்கப்பூரில் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் இப்பணியைச் செய்கிறது.

2020 ஏப்ரலில் அமெரிக்கா 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பொதுவெளியாக்கியது. மலேசியாவும் சிங்கப்பூரும் 5925 முதல் 6425 வரையுள்ள 500 மெகாஹெர்ட்ஸைத் திறந்துள்ளன. புதிய வெளி என்பதால் அங்கு ஒழுக்கத்தைத் தொடக்கத்திலேயே வகுக்கும் வாய்ப்பு உண்டு. அமெரிக்க விதிகள் அங்கு வீட்டுக்குள் இயங்கும் குறைதிறன் கருவிகளுக்குப் பேசுமுன் கேட்கும் வகையிலான போட்டி முறையைக் கட்டாயமாக்கியிருப்பது, 5 கிகாஹெர்ட்ஸ் பூசல் வீண்போகவில்லை என்பதற்குச் சான்று. நிலம் விரிந்தால் நெரிசல் சிலகாலம் தணியும்; பங்கீட்டு வினா நீங்காது. சாலை அகன்றால் வண்டிகளும் பெருகும் என்பதை இரு நகரத்தாரும் அறிவர்.

8. வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் இதைக் கருவி ஏதுமின்றிக் கற்பிக்கலாம். எட்டு மாணவர்களை வட்டமாக நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் ஒரு சொற்றொடர் சொல்ல வேண்டும். 0 முதல் 15 வரை எண்ணிட்ட சீட்டுகளில் ஒன்றை எடுத்து, ஆசிரியர் தட்டும் தாளத்துக்கு ஒன்றாக மனத்துக்குள் குறைத்து எண்ணட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் எண்ணிக்கை நிற்கட்டும். இருவர் மோதினால் 31 வரையுள்ள சீட்டுக்குச் செல்லட்டும். ஐந்து நிமிடத்தில் யார் எத்தனை முறை பேசினர் என்று எழுதுங்கள். பின், எவரையும் கேளாமல் பத்துத் தாளத்துக்கு ஒருமுறை பேசும் ஒன்பதாம் மாணவரைச் சேர்த்து மீண்டும் எண்ணுங்கள். நேர்மைக் குறியீட்டெண்ணை இருமுறையும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அதன்பின், எது நேர்மை என்று மாணவர்களே தமிழில் வாதிடட்டும். கணிதமும் அறிவியலும் குடிமையும் மொழியும் ஒரே பாடவேளையில் கூடும்.

அன்பர்களே! வானலை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலால் அதில் நடக்கும் பங்கீடும் கண்ணுக்குத் தெரிவதில்லை. −62 என்றும் 8 மில்லிநொடி என்றும் தொழில்நுட்ப ஆவணங்களில் எழுதப்படும் எண்கள், யார் எவ்வளவு நேரம் பேசலாம், யார் காத்திருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் சட்டங்களே. அவை எழுதப்படும் அவைகளில் நம் மாணவர்கள் பொறியாளராகவும் வழக்குரைஞராகவும் நுகர்வோர் சார்பாளராகவும் அமரும் நாள் வரும். அன்று "என் முறை எப்போது?" என்று கேட்பதோடு நில்லாமல், "இது முறையா?" என்றும் அவர்கள் கேட்க வேண்டும்.